பாட்டு யாருக்காக உழைக்கிறது?

‘உங்களுக்கென்று ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்குக் கிளம்பும்போது அதைக் கேளுங்கள். சோர்வு தட்டினால் மனசுக்குள் ஓடவிடுங்கள். வாழ்க்கை மாறும்.’ தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்கள் சொல்லித்தரும் உபாயங்களில் இதுவும் ஒன்று. கோட்பாடு படித்தவர்கள் இதைக் கேட்டதும் நமட்டுச் சிரிப்போடு ஒதுக்கிவிடுவதுண்டு. அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. காரணம், காரியம் நடக்கத்தான் செய்கிறது. பாட்டு காதில் விழுந்தால் கால் எட்டிப் போகிறது. மூட்டை கொஞ்சம் லேசாகத் தெரிகிறது. திங்கட்கிழமை காலை அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்குமான கடலோரத்தில், ஆட்டோ ஸ்டாண்டிலோ டீக்கடையிலோ ஒருவர் ‘இது நம்ம பாட்டுபா’ என்று சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாட்டு தருகிற அந்தத் தெம்பு யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது? பாடுகிறவர் கணக்கிலா, அவரிடம் வேலை வாங்குகிறவர் கணக்கிலா?

இந்தக் கேள்வியை வடசென்னையில் நின்று கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது. வலை, படகு, துறைமுகம், ரயில், ஆலை, அனல்மின் நிலையம், சரக்குப் பெட்டகம் என்று உழைப்பின் இருநூறு ஆண்டுச் சரித்திரம் இந்தச் சின்ன நிலத்துண்டில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் பாட்டுக்கும் வேலைக்கும் உள்ள உறவு மாறியிருக்கிறது.

1

மீனவர்களின் தொழிற்பாட்டுக்கு அம்பா என்று பெயர். கரைவலை இழுப்பதை எடுத்துக்கொள்வோம். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு அதன் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டமாக நின்று கரையிலிருந்து இழுப்பார்கள். ஒருவர் எடுத்துப் பாடுவார். மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். திருப்பிச் சொல்லும் அந்த அசையில்தான் எல்லாருடைய இழுப்பும் ஒன்றாக விழும். ‘ஐலசா’ என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுவதைவிட, அந்தச் சொல் விழும் கணத்தில் எத்தனை முதுகுகள் ஒருசேரச் சாய்கின்றன என்று பார்ப்பது பிரயோசனமாக இருக்கும். வலையின் மடி தூரத்தில் இருக்கும்போது பாட்டு நிதானமாகப் போகும். மடி கரையை நெருங்க நெருங்க முடுக்கம் ஏறும். எடுத்துப் பாடுபவருக்குச் சுதந்திரம் உண்டு. சாமியை அழைக்கலாம், வலைக்காரரைக் கிண்டலடிக்கலாம், பக்கத்தில் இழுப்பவனின் காதல் சமாச்சாரத்தைப் போட்டு உடைக்கலாம்.

கார்ல் ப்யூஹர் என்ற ஜெர்மன் பொருளியலாளர் 1896இல் வெளியிட்ட ‘உழைப்பும் தாளமும்’ என்ற நூலில், கூட்டு உழைப்பின் அசைவுகளிலிருந்துதான் தாளமும் அதன்வழி பாட்டும் பிறந்தன என்று வாதிட்டார். கலையின் தோற்றம் பற்றிய அந்த முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அவர் கவனித்த சின்ன விஷயம்: இவ்வகைப் பாட்டில் வேகத்தை நிர்ணயிப்பது உழைக்கும் உடலும் அதன்மேல் உள்ள பாரமும். மூச்சு வாங்கினால் பாட்டு தானாகத் தாழ்ந்துவிடும்.

இதை வைத்து அம்பாவைச் சுரண்டலற்ற பொற்காலத்தின் பாட்டாக்கிவிடக் கூடாது. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் சென்னையில் கப்பல்கள் கரைக்கு வந்ததில்லை. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தன. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். துடுப்பு வலித்தவர்களின் பாட்டு அந்தப் படகில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பயணிகளின் குறிப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. அவர்கள் பாடிப்பாடிக் கரை சேர்த்தது கம்பெனியின் சரக்கை. பலன் வேறு இடத்துக்குப் போனது. ஆனால் பாட்டின் கடிவாளம் பாடுகிறவர்களின் தொண்டையில் இருந்தது. அலையைப் பார்த்து எப்போது வலிப்பது, எப்போது காத்திருப்பது என்பதைத் துரையால் சொல்ல முடியாது. இந்த அளவுக்குத்தான் அம்பாவில் சுதந்திரம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் அடுத்த கட்டத்தில் பறிபோனது இந்தக் கொஞ்சம்தான்.

2

1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. 1875இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. 1881இல் புயல் அதை நாசமாக்கியும் மறுபடி கட்டினார்கள். கடலுக்குள் நீட்டிய அந்தச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் கரையைக் கடல் தின்றது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. பல இடங்களில் இன்று கடலுக்கும் சாலைக்கும் நடுவில் கொட்டிவைத்த பாறைதான் இருக்கிறது. கரைவலை இழுக்க மணற்பரப்பு வேண்டும். பாறைமேல் நின்று வலை இழுக்க முடியாது. நாட்டுப்புறப் பாடல்கள் ‘வழக்கொழிந்தன’ என்று ஆய்வேடுகளில் சாவகாசமாக எழுதிவிடுகிறோம். இங்கே பாட்டுக்கு நிற்க இடம் இல்லாமல் போனது. விசைப்படகும் இழுவை எந்திரமும் மிச்சத்தை முடித்துவைத்தன.

அம்பாவின் இடத்துக்கு ஆலைச் சங்கு வந்தது. வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, செய்யும் காரியத்தை ஒட்டி ஓடிய நேரம் எப்படிக் கடிகாரத்தின் நேரமாக மாற்றப்பட்டது, அது தொழிலாளியின் எலும்புக்குள் எப்படிப் புகுத்தப்பட்டது என்று விவரிக்கிறது. சங்குக்குத் திருப்பிப் பாட முடியாது. அது ஒருவழிப் பாட்டு.

மேற்கில் ஆலைக்குள் பாட்டு திரும்பி வந்தது, ஆனால் வேறு கையில். இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், பிபிசி வானொலி ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே ‘வேலை நேரத்து இசை’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. அலுப்பைக் குறைத்து உற்பத்தியைக் கூட்டுவது நோக்கம். அதில் ஒரு வேடிக்கை. கேட்பவர்களைக் கைதட்ட வைக்கும் ஓர் அமெரிக்கப் பாட்டை அந்த நிகழ்ச்சியில் போடக் கூடாதென்று தடுத்துவைத்தார்கள். தொழிலாளர்கள் கருவியைக் கீழே போட்டுவிட்டுத் தாளம் போட ஆரம்பித்துவிடுவார்களே என்ற பயம். அதாவது சந்தோஷம் வேண்டும், அளவாக வேண்டும்; கை வேலையை விட்டு நகரக் கூடாது. அமெரிக்காவில் ‘மியூசாக்’ கம்பெனி இன்னும் ஒருபடி மேலே போனது. கால்மணி நேர இசையில் படிப்படியாக விறுவிறுப்பை ஏற்றி, பிறகு கால்மணி நேரம் மௌனம் விட்டு, தொழிலாளியின் சோர்வு வளைகோட்டுக்கு எதிர்வளைகோடு போட்டது. பாடுவதற்கு அதில் ஒன்றுமில்லை, சொற்களே இல்லை. இசை, எந்திரத்துக்கு விடும் எண்ணெய் மாதிரி ஆனது.

நம்முடைய ஆலைகளில் இந்த ஏற்பாடு பரவலாக வரவில்லை. ஆலைக்கு வெளியே நமக்கு வேறொன்று இருந்தது: சினிமா.

3

எம்.ஜி.ஆர். மீனவராக நடித்த ‘படகோட்டி’ வந்தது 1964இல். அதே ஆண்டில் ‘தொழிலாளி’. 1971இல் ‘ரிக்ஷாக்காரன்’. 1977இல் ‘மீனவ நண்பன்’. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நாயகன், ஒவ்வொரு நாயகனுக்கும் டி.எம். சௌந்தரராஜன் குரலில் ஒரு கொள்கைப் பாட்டு. உழைப்பவரைத் தலைநிமிரச் சொல்லும் மொழியை அதற்கு முன்பே தந்தவர்களில் முக்கியமானவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1959இல் முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனவர். அம்பா கூட்டத்தின் பாட்டு என்றால், இது கூட்டத்தைப் பார்த்து ஒருவர் பாடும் பாட்டு. இழுப்பவரின் உடம்பிலிருந்து கிளம்பிய தாளம் இப்போது திரையிலிருந்து அவர் உடம்புக்குள் வந்து இறங்குகிறது.

பிரெஞ்சு மார்க்சியர் அல்தூஸர் 1970இல் எழுதிய கட்டுரையில் ஓர் உதாரணம் உண்டு. தெருவில் போகிறவரைப் பின்னாலிருந்து போலீஸ்காரர் ‘ஏய்!’ என்று கூப்பிடுகிறார். திரும்பிப் பார்க்கிறவர் அந்தக் கணத்திலேயே சட்டத்தின் ‘ஆள்’ ஆகிவிடுகிறார். விளிக்கப்படுவதால் தன்னிலை உருவாகிறது என்பது சாரம். நாயகப் பாட்டும் ஒரு விளிதான், ஆனால் லத்திக்குப் பதிலாக மரியாதையோடு வருகிற விளி. ஊரெல்லாம் ‘இன்னாடா’ என்று கூப்பிடுகிற ஒரு ரிக்ஷாக்காரரைப் பாட்டு மனுஷனாகக் கூப்பிடுகிறது. அவர் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வார்? எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தம் நூலில், எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் எளிய மக்களின் அன்றாட அவமானங்களையும் நீதி குறித்த கனவுகளையும் கொண்டே எப்படிக் கட்டப்பட்டது, அந்தப் பிம்பம் ஆட்சிக்கு வந்தபோது அதே மக்களுக்கு எவ்வளவு குறைவாகக் கிடைத்தது என்று காட்டினார். அந்த விமர்சனம் சரி. ஆனாலும் பாட்டு தந்த சுயமரியாதை வெறும் ஏமாற்று என்று சொல்லிவிட்டால், அந்த மனிதர் ஏன் திரும்பிப் பார்த்தார் என்பது புரியாமல் போய்விடும்.

‘பாட்ஷா’வின் (1995) ஆட்டோக்காரர் பாட்டு இதன் தொடர்ச்சி. வைரமுத்து எழுதி, தேவா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. ஆயுத பூஜை அன்று அந்தப் பாட்டு ஒலிக்காத ஆட்டோ ஸ்டாண்டு அபூர்வம். வண்டிக்கு மாலை, எலுமிச்சம்பழம், அந்தப் பாட்டு. ரஜினி ஒரு படத்தில் பாடியதை ஒரு தொழிலே தன் பாட்டாக எடுத்துக்கொண்டது.

இதே காலத்தில் சினிமா இன்னொரு வேலையையும் செய்தது. ‘அண்ணாமலை’யில் (1992) பால்காரர் ஒரு பாட்டுக்குள் பெரும் பணக்காரர் ஆகிறார். ‘சூர்யவம்ச’த்தில் (1997) ஒரு பாட்டு முடிவதற்குள் மனைவி கலெக்டர், கணவர் பஸ் கம்பெனி முதலாளி. ‘ஒரே பாட்டுல பணக்காரன்’ என்று ஜனங்களே இதைக் கிண்டல் செய்வார்கள். ஹாலிவுட்டின் குத்துச்சண்டைப் படங்களில் வரும் பயிற்சிக் காட்சிப் பாட்டும் இந்த ரகம்தான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் கோலோச்சிய இந்த வட்டாரத்துக் குத்துச்சண்டையைப் பற்றி 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யும் அந்த உத்தியை விடவில்லை. உத்தி என்ன? வருஷக்கணக்கான உழைப்பு, கடன், தோல்வி, பிறர் செய்த உதவி எல்லாவற்றையும் வெட்டியெறிந்துவிட்டு ஐந்து நிமிஷத்துக்குச் சுருக்குவது. சுருக்கியபின் திரையில் மிஞ்சுவது நாயகனின் உடம்பும் பாட்டும்தான். பார்க்கிறவருக்குப் பாட்டே உயர்த்திவிட்ட மாதிரி தெரிகிறது. தன்னம்பிக்கை வகுப்பின் ‘உங்களுக்கென்று ஒரு பாட்டு’ இந்த வெட்டிய படச்சுருளிலிருந்துதான் பிறக்கிறது. பாட்டு கேட்டும் ஒருவர் உயரவில்லை என்றால்? பாட்டில் குற்றமில்லை, அவரிடம்தான் உறுதி போதவில்லை என்றாகிவிடும். கூலி குறைவு, காண்டிராக்ட் வேலை, காற்றில் சாம்பல், எதுவும் பேச்சில் வராது.

4

இந்த மூன்றுக்கும் அடங்காத ஒன்று வடசென்னையில் உண்டு. கானா.

கானாவுக்கு முன்னோடிகளைத் தேடுகிறவர்கள் குணங்குடி மஸ்தான் சாகிபுவிடம் போய் நிற்பார்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கி, 1838இல் மறைந்து, ராயபுரத்தில் அடங்கியிருக்கும் சூஃபிக் கவிஞர் அவர். திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. வாழ்வு நிலையாது என்று பாடியவர்கள் இருவரும். சரக்கும் பணமும் இடைவிடாமல் இறங்கும் கடற்கரையில் இந்த இரண்டு சமாதிகள். சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து பாடும் மரண கானா இந்த நிலையாமைப் பேச்சைத் தெருமொழியில் எடுத்துக்கொண்டது. தாளத்துக்கு மேஜையோ தகர டப்பாவோ போதும். வசதிப்பட்டால் டோலக்கு, புல்புல்தாரா.

மரண கானாவில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். பாடுபவர் செத்தவரின் பேரைப் பாட்டில் கோக்கிறார். என்ன வேலை பார்த்தார், யாருக்கு உதவினார், எதைக் குடித்தார், யாரை விட்டுவிட்டுப் போனார் எல்லாம் பாட்டுக்குள் வருகிறது. மூட்டை தூக்கிய ஒருவருக்கு, மீன் கூடை சுமந்த ஒருவருக்கு, வாழ்நாளில் முதன்முறையாக அவருக்கே அவருக்கென்று ஒரு பாட்டு கிடைக்கிறது. கேட்க அவர் இல்லை. தனக்கான பாட்டு என்ற விஷயத்தின் அச்சு அசலான வடிவம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, மற்றவர்கள் கொடுத்தார்கள். அதைக் கொடுக்க வேண்டுமென்றால் அவரைத் தெரிந்திருக்க வேண்டும். முன்னேறினாரா என்று அந்தப் பாட்டு கேட்பதில்லை. இருந்தார் என்று சொல்கிறது.

பெண்கள் இந்தக் காரியத்தை ஒப்பாரியில் எப்போதோ செய்துவிட்டார்கள். செத்தவரைப் பாடும் சாக்கில் தன் பிறந்த வீடு, புகுந்த வீடு, பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் நாலு பேர் கேட்கச் சொல்லிவிடுகிற பாட்டு அது. நாயகப் பாட்டு ஆண்களின் சொத்து. கானாவும் பெரும்பாலும் ஆண்களின் வட்டம்தான். வடசென்னையிலிருந்து வந்த இசைவாணி அந்த வட்டத்துக்குள் நுழைந்து பாடியதும், 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றதும் செய்தியாவதே, எவ்வளவு காலம் அந்தக் கதவு சாத்தியிருந்தது என்பதற்கு அத்தாட்சி.

5

இப்போது ஹெட்செட்டுக்கு வருவோம். 1979இல் சோனி வாக்மேன் வந்தது. பாட்டு முதன்முறையாக நடந்துபோகிறவரின் காதுக்குள் தனியாகப் போய் உட்கார்ந்தது. இன்று கைப்பேசி. எண்ணூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகிற காண்டிராக்ட் தொழிலாளி பஸ்ஸில் காதை அடைத்துக்கொண்டு ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பலன் உண்டா? உண்டு. உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகள் சொல்வது இவ்வளவு: மிதமான உழைப்பின்போது, பிடித்த பாட்டு, சிரமம் என்ற உணர்வைக் குறைக்கும், உடம்பு தன் எல்லையை நெருங்கும்போது பாட்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பாட்டு பாரத்தைக் குறைப்பதில்லை. பாரம் பற்றிய தகவலைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. அந்தத் தகவல் சில சமயம் அவசியமானது: ‘போதும், உட்கார்’ என்று உடம்பு சொல்வது.

வேலையிடத்தில் கேட்கவும் முடியாது. ட்ரெய்லரும் கிரேனும் திரும்பும் யார்டில் காதை அடைத்தால் உயிர் போகும். சென்னைத் துறைமுகத்தில் 1983இல் சரக்குப் பெட்டக முனையம் வந்தபின் பெட்டகத்தின் பாரத்தைத் தூக்குவது எந்திரம். ஓட்டுநருக்கு மிஞ்சியது காத்திருப்பு. துறைமுக வாயிலை நோக்கித் திருவொற்றியூர், எண்ணூர்ச் சாலைகளில் ட்ரெய்லர் வரிசை மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக நின்றிருக்கிறது. அந்தக் கேபினுக்குள் ஓடுகிற பாட்டு வேலையை முடுக்குவதற்கில்லை. கூலியில்லாத நேரத்தைக் கடத்துவதற்கு. ‘உற்சாகப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற உபதேசம் இங்கே அபத்தமாகிவிடுகிறது. நகராத வரிசையில் உற்சாகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே பாட்டு வேண்டாமா? வேண்டும். இன்னார் இன்ன பாட்டைத்தான் கேட்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அடோர்னோவுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. வெகுசன இசை கேட்பவரின் செவியை மழுங்கடிக்கிறது என்று 1938இல் அவர் எழுதியதில் பாதி உண்மை. ஆட்டோ ஸ்டாண்டில் ஆயுத பூஜை அன்று நடப்பது மீதி. ஆனால் தன் பாட்டிடம் ஒருவர் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பாட்டின் வேகத்தை என்னால் குறைக்க முடியுமா? களைத்தால் என்னோடு சேர்ந்து அதுவும் களைக்குமா? இதில் என்னைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா? வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்ட இது இடம் கொடுக்குமா? ‘இல்லை’ என்றே பதில் வந்தால், காதுக்குள் உட்கார்ந்திருப்பது மேஸ்திரி. அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி அல்ல, கேட்பவர்.

இன்னொரு திசையும் திறந்திருக்கிறது. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கப்பட்டது. வசைச் சொல்லாகிப்போன ‘புறம்போக்கு’ என்ற சொல்லுக்கு, எல்லாருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளை அது மீட்டுக் கொடுத்தது. 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் முயற்சியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் சாதியைப் பற்றி வாய்விட்டுப் பேசின. இவற்றின் குறைகளைத் தனியே விவாதிக்கலாம். கர்நாடக ராகம் எண்ணூருக்கு வந்ததே ஒரு விருந்தாளியாகத்தானே என்று கேட்கலாம். பன்னாட்டு இசைச் சந்தை கானாவையும் விழுங்காதா என்றும் கேட்கலாம். ஆனால் ஒரு நிலத்துக்கு, ஒரு கூட்டத்துக்கு, அதன் பேரைச் சொல்லிப் பாட்டு கொடுக்கப்பட்டது. மரண கானா செத்தவருக்குச் செய்ததை, உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்து பார்த்த முயற்சிகள் இவை.

வடசென்னைப் பேச்சில் ‘என் பாட்டு’ என்று சொல்வது குறைவு. ‘நம்ம பாட்டு’தான். தன்னம்பிக்கை வகுப்பு திருத்தப் பார்ப்பது இந்த ஒரு சொல்லைத்தான். அதைத் திருத்த விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.